ஆற்றுக்கு உடம்பு சரியில்லாத கோடை

பர்சோவில் உருளைக்கிழங்கு விலை இரண்டு மடங்கு ஏறிய அதே வாரத்தில், ஊருக்கு எதிரே ஓடும் பஞ்ச் ஆறு அபினுக்கு அடிமையானது. ருஷ்யப் படை எல்லைக் காவலைத் தாஜிக் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு மூட்டை கட்டிப் போன மறு வருஷம் அது. ஆற்றுக்கு இந்தக் கரை தாஜிகிஸ்தான், அந்தக் கரை ஆப்கானிஸ்தான். இரண்டு கரையிலும் உள்ள ஊருக்குப் பெயர் ஒன்றுதான், பேச்சு ஒன்றுதான், பாட்டனும் முப்பாட்டனும் ஒன்றுதான். நடுவில் தண்ணீர் ஓடியதால் இரண்டு நாடு என்றாகிவிட்டது. பனி உருகி வெள்ளம் புரண்ட ஒரு காலையில், திலோவர் என்பவனின் தெப்பம் நட்டாற்றில் பாறையில் மோதிக் கிழிந்தது. லாரி டியூப்களில் காற்றடித்துக் கட்டி மேலே பலகை போட்ட தெப்பம் அது. திலோவர் அந்தப் பக்கத்து அபின் சரக்கை இந்தப் பக்கம் இறக்கி, வடக்கே அனுப்புகிற தொழிலில் வெள்ளை ஜீப்பும், இரண்டு மாடி வீடும், ஊரார் எழுந்து நின்று கொடுக்கும் சலாமும் சம்பாதித்தவன். தெப்பக்காரர்கள் நீந்திக் கரையேறினார்கள். மூட்டைகள் அத்தனையும் தண்ணீரில் கரைந்தன. அந்த ஆறு தன் ஆயுளில் சண்டையில் விழுந்த பாலங்களை விழுங்கியிருக்கிறது, ஆடு மாடுகளை விழுங்கியிருக்கிறது, ஒருமுறை மாவு லாரி ஒன்றை முழுசாக விழுங்கி மேலும் கீழும் வெள்ளையாக ஓடியிருக்கிறது. இதை மட்டும் அதுவரை ருசித்ததில்லை.

மறுநாள் ஆறு படுத்துவிட்டது. மேல் வளைவில் தண்ணீரெல்லாம் குவிந்து, மடித்து வைத்த பஞ்சு ரஜாய் போலக் கிடந்தது. அதன் முதுகு மூச்சுக்கு ஏற்ப மேலும் கீழும் அசைந்தது. கீழே கூழாங்கற்கள் வெயிலில் காய்ந்தன. மீன்கள் ஒருக்களித்துப் படுத்து, பாதிக் கண் மூடிச் சிரித்த முகமாக இருந்தன. இரண்டு கரைக்காரர்களும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு யாரோ ஒருத்தி ரொட்டியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு அக்கரை அத்தை வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் ஊரே நடந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் போதைப் பழக்கத்திலிருந்து விடுவிக்கும் வார்டின் நர்ஸ் தவ்லத்மோவும் ஒரு குடுவைத் தயிரோடு போனாள். அவளுடைய அத்தை மகன் ஓதினா அக்கரையில் கழுதை ஓட்டிப் பிழைப்பவன். நாற்பது வயது வரை அவனைக் கட்டைவிரல் உயரத்தில்தான் பார்த்திருக்கிறாள், கூப்பாடாகத்தான் கேட்டிருக்கிறாள். கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் அவன் கன்னத்தில் ஒரு மச்சம் இருப்பதும், அவன் மெதுவாகக்கூடப் பேசுவான் என்பதும் தெரிந்தது. அந்த இரண்டு மூன்று நாட்களில் நிச்சயமான கல்யாணங்களைத்தான் பர்சோவில் இன்றும் உலர்ந்த கல்யாணங்கள் என்கிறார்கள்.

எல்லைச் சாவடியின் கேப்டன் நசர்ஷோ, தவ்லத்மோவின் கணவர். மீசையைப் போலவே சட்டத்தையும் கத்தரித்து ஒழுங்காக வைத்திருப்பவர். அனுமதியின்றி ஆற்றில் இறங்குகிறவரைப் பிடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஒருவரும் ஆற்றில் இறங்கவில்லை, ஆறு அந்தப் பக்கம் தள்ளிப் படுத்திருந்தது. மேலிடத்துக்கு வயர்லெஸ்ஸில் கேட்டார். மேலிடம், காலையிலேயே எவ்வளவு குடித்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டது. கேப்டன் குடிக்காதவர் என்பதால் அந்தக் கேள்வி அவரை வெகுநாள் உறுத்தியது. உறவுக்காரர்களோடு சேர்ந்து மூட்டைக்காரர்களும் கால் நனையாமல் கடந்ததைப் பார்த்தும், ரொட்டி மூட்டை எது மற்றது எது என்று பிரிக்க முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

ஆறு விழித்ததும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டது. வாய் இல்லாதவர்கள் கேட்கிற மாதிரி, எடுத்துக்கொண்டு கேட்டது. திலோவரின் அடுத்த தெப்பத்தைச் சுழல் போட்டுப் பிடித்து, ஆளை மட்டும் கரையில் துப்பியது. அதற்கடுத்ததையும் அப்படியே. பிறகு அதற்குத் தெப்பம்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. கரையைத் தாண்டிச் சாலைக்கு ஒரு கையை நீட்டி, போகிற வருகிற வண்டிகளின் சக்கரத்தை நக்கிப் பார்க்க ஆரம்பித்தது. பாதாமிப் பழ அட்டைப் பெட்டிக்கு அடியில், ஸ்டெப்னி டயருக்குள், தொட்டிலின் அடிப்பலகையில், கர்ப்பிணியின் பொய் வயிற்றில் என்று எங்கே வைத்தாலும் தண்ணீர் சரியாக அங்கே போய் நிற்கும். ஒருமுறைகூடத் தவறவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் தந்த ஊடுருவிப் பார்க்கும் இயந்திரம் குளிரில் விறைத்துப் பழுதாகிக் கிடந்தது. அவர்கள் தந்த மோப்ப நாய் சிப்பாய்களின் சூப்பில் கொழுத்துத் தூங்கியது. நசர்ஷோ வேகமாகக் கற்றுக்கொள்கிறவர். தண்ணீர் நக்கும் இடத்தில் சிப்பாய்கள் பாய்ந்து சரக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும், ஆற்றுக்கு அதிலிருந்து ஒரு கரண்டி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை அது காட்டிக்கொடுக்காது. நாய்க்கு எலும்பு போடுவது மாதிரிதானே என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சரக்கு அறை நிறைந்தது. தலைநகரம் துஷான்பேயிலிருந்து ஒரு பதக்கம் வந்தது, பிறகு அதைவிடப் பெரிய பதக்கம் வந்தது. எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டவர்களிடம், உள்ளூர் ஒத்துழைப்பு என்று சொன்னார். அது பொய்யில்லை.

தவ்லத்மோ முதலில் சந்தோஷப்பட்டவள்தான். அவள் தம்பி யோர்பேக், திலோவரின் சரக்கில் ஐந்தாறு வருஷம் மூழ்கிக் கிடந்து, அக்காவின் வார்டிலேயே மூன்று தடவை படுத்து, மூன்றாம் தடவை எழுந்து நடந்தவன். வண்டிகளில் அது பிடிபடும்போதெல்லாம் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனால் வார்டில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவளுக்குக் கண் சும்மா இருக்காது. ஆறு பகலில் கொட்டாவி விட்டது. கரையில் முதுகைத் தேய்த்துத் தேய்த்துச் சொறிந்து, வேலியோரத்து வில்லோ மரங்களைச் சாய்த்தது. விடிகிற நேரத்தில் அதன் முகத்திலிருந்து ஒழுகிய மூடுபனியைத் துடைக்க ஆளில்லை. தூங்கினால் வாய்க்கால்கள் வறண்டு கோதுமை கருகியது. எழுந்தால் வெறி பிடித்து வேலியையும் வைக்கோல் போரையும் இழுத்துக்கொண்டு போய், எங்கே வைத்தோம் என்று மறந்தது. ஒரு காலைச் சாப்பாட்டில், உப்பும் வெண்ணெயும் போட்ட பால்தேநீரில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே அவள் பேச்சை எடுத்தாள்.

“நசர், ஆத்தைப் பார்த்தியா? மூக்கு ஒழுகுது.”

“ஆத்துக்கு ஏது மூக்கு?”

“யோர்பேக்குக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல கொட்டாவி, அப்புறம் அரிப்பு, அப்புறம் வீட்டுல ஒவ்வொரு சாமானா காணாமப் போச்சு.”

“உன் தம்பி வீட்டு வெந்நீர்ச் சமோவாரை வித்துத் தின்னான். ஆறு அரசாங்கத்துக்கு வேலை பாக்குது. ரெண்டையும் ஒண்ணாப் பேசாதே.”

தலைநகரத்திலிருந்து ஒரு கர்னலும், இயந்திரமும் நாயும் தந்த வெளிநாட்டுக்காரர்களும் ஆற்றின் திறமையைப் பார்க்க வரப்போகிறார்கள் என்பதையும், வந்து பார்த்தால் தனக்கு மேஜர் பதவி நிச்சயம் என்பதையும் நசர்ஷோ அவளிடம் அப்போது சொன்னார். அவள் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள். அந்த வீட்டில் பேச்சு முடியவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் ஆறு ஆஸ்பத்திரிக்கு வந்தது. சாலையைக் கடந்து, கேட்டுக்குள் நுழைந்து, வாட்ச்மேனின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு (அவர் மரியாதையாகக் காலைத் தூக்கிக்கொண்டார்) படியேறி வராந்தாவில் நின்றது. வயிற்றில் புற்று வந்த ரஹிம்தாத் என்ற பழைய ரோடு ரோலர் டிரைவர் கடைசி அறையில் படுத்திருந்தார். அவருடைய வலிக்குப் போடும் மார்ஃபின் ஊசிமருந்து பூட்டிய கண்ணாடி அலமாரியில் இருந்தது. தவ்லத்மோ தரை துடைக்கும் கட்டையோடு குறுக்கே நின்றாள். வார்டில் சரக்குக்காகக் கெஞ்சியவர்களையும் கத்தியை நீட்டியவர்களையும் பார்த்தவள் அவள். இரண்டுக்கும் ஒரே குரலில்தான் பேசுவாள்.

“அது அவரோடது. உனக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியும். ஆனா அது உன்னோடது இல்ல. திரும்பிப் போ.”

தண்ணீர் தயங்கியது. அவள் கணுக்காலைச் சுற்றி ஒரு முறை நடுங்கியது. பிறகு, அந்த நோய் வந்தவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தது: முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் புகுந்து, அலமாரியைச் சாய்த்து, ஊசிமருந்து முழுவதையும் எடுத்துக்கொண்டு போயிற்று. போகிற வழியில் வெட்கத்தினாலோ என்னவோ வராந்தாவைச் சுத்தமாகக் கழுவிவிட்டுப் போனது. கோரோக் நகரத்திலிருந்து வேறு மருந்து வந்து சேரும்வரை ரஹிம்தாத் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். தவ்லத்மோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். அவர் ஆற்றைத் திட்டவில்லை. முப்பது வருஷம் அதன் கரையில் குடித்துவிட்டு வண்டி ஓட்டினேன், ஒரு நாளும் என்னை உள்ளே இழுத்துக்கொண்டதில்லை, அதற்கு ஒரு கஷ்டம் வந்தால் பார்க்க வேண்டியது நாம்தான் என்று மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னார். மருந்து வந்து, ஊசி போட்டு, அவர் கண்ணயர்ந்த பிறகு அவள் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே எல்லைச் சாவடிக்கு நடந்தாள்.

வீட்டில் நீ என்று கூப்பிடுகிறவள் சிப்பாய்கள் முன்னால் நீங்கள் என்று கூப்பிட்டால், மலையைப் பார்க்கத் திரும்பிக்கொள்வது நல்லது என்று சிப்பாய்களுக்குத் தெரியும். அத்தனை பேரும் மலையைப் பார்த்தார்கள்.

“கேப்டன் ஐயா, என் வார்டுல இருக்க வேண்டிய ஒரு நோயாளிக்கு நீங்க தினமும் கரண்டியில ஊத்திக் குடுக்கறீங்க. உங்க நாய்க்கு அதைக் குடுப்பீங்களா?”

நசர்ஷோ குரலைத் தாழ்த்தினார். கர்னல் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடுகிறேன் என்றார்.

“‘அடுத்த வாரத்துலேர்ந்து குறைச்சுக்கறேன்.’ இதையும் யோர்பேக் சொல்லியிருக்கான். இதே மூஞ்சியோட.”

அன்றைக்கே அவள் பால்தேநீர் காய்ச்சும் பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். வேறொன்றும் எடுக்கவில்லை, அது போதும் என்று அவளுக்குத் தெரியும். கேப்டன் வெறும் கறுப்புத் தேநீரைக் குடித்துக்கொண்டு, சட்டத்தில் தனக்குச் சாதகமான பகுதியைத் தேடினார்.

யோர்பேக் ருபாப் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கிறவன், கேட்டால் மட்டும் பேசுகிறவன். ஆறு குணமாக என்ன வேண்டும் என்று அக்கா கேட்டபோது, எட்டுகிற தூரத்தில் சரக்கு இருக்கக் கூடாது, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், யாரும் கேலி செய்யக் கூடாது என்றான். இரண்டாவதும் மூன்றாவதும் பர்சோவால் முடியும். முதலாவதைச் சாதிக்க இரண்டு அரசாங்கங்களும் ஒரு வல்லரசும் முயன்று தோற்றிருந்தன. அபின் அக்கரையில் விளைந்துகொண்டே இருந்தது. அதை வாங்குகிற பணக்கார ஊர்கள் வடக்கே எங்கோ இருந்துகொண்டே இருந்தன. ஆறு நடுவில் இருந்தது. தவ்லத்மோ அதை யோசித்துப் பார்த்து, நாடு முழுக்க நிறுத்த வேண்டாம், இந்த ஆற்றின் மூக்குக்கு எட்டாமல் ஒரு கோடைக்கு நிறுத்தினால் போதும் என்று கணக்குப் போட்டாள். மறுநாள் இரண்டு கரையும் கூடியது. ஆறு நடுவில் அரைத் தூக்கத்தில் கிடக்க, அவரவர் கரையில் நின்றுகொண்டு, காலகாலமாகச் செய்வதுபோல, கைகளை வாயில் குவித்துக் கத்தியே கூட்டம் நடத்தினார்கள். மூட்டை சுமக்கும் கழுதைக்காரர்களின் சார்பில் ஓதினா பேசினான்.

“அக்கா, எங்க கரையில இதை விட்டா விளையறது கல்லுதான். கல்லைத் தின்னச் சொல்றியா?”

“ஆறு செத்துப் போச்சுன்னா கல்லுகூட விளையாது, ஓதினா. உன் கோதுமையைத் திரும்பிப் பாரு.”

அவன் திரும்பிப் பார்த்தான். அவன் கரையின் கோதுமையும் இந்தக் கரையைப் போலவே பழுத்த மாதிரிக் கருகியிருந்தது. நெடுநேரம் கத்தி, இடையில் தொண்டை வறண்டு இரண்டு பக்கமும் தேநீர் குடித்து, மறுபடி கத்தி, ஒரு முடிவுக்கு வந்தார்கள். அறுப்பு வரைக்கும் இந்தக் கரை அந்தக் கரைக்கு மாவும் விதை உருளைக்கிழங்கும் கொடுப்பது, அந்தக் கரை ஒரு மூட்டையையும் ஆற்றங்கரைக்குக் கொண்டு வராமலிருப்பது. அப்போதுதான் திலோவரின் வெள்ளை ஜீப் வந்து நின்றது. ஆறு பிடுங்கியதில் ஏறக்குறைய ஓட்டாண்டியாகியிருந்தாலும் ஜீப்பை மட்டும் அவன் விற்கவில்லை. கேட்டுவிட்டு இளக்காரமாகச் சிரித்தான். தான் நிறுத்தினால் வேறு எவனாவது கொண்டு வருவான், அதைத் தடுக்க உங்களால் ஆகுமா என்றான். அவனிடம் தன் வீட்டுச் சமோவாரை விற்ற யோர்பேக், ருபாபைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

“அந்த வேற எவனையும் நீதான் தடுக்கணும். யார் யாரு, எந்த வழின்னு உன்னை விட்டா யாருக்கு அண்ணே தெரியும்?”

திலோவருக்கு வாழ்நாளில் அவ்வளவு உண்மையான பாராட்டு கிடைத்ததில்லை. அவன் தோட்டத்துப் பாதாமி மரங்களும் தண்ணீரின்றி இலை சுருண்டிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ரொட்டியின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். அந்தக் கோடை முழுவதும் அவனும் அவன் தெப்பக்காரர்களும், பள்ளத்தாக்கின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் காவல் நின்று, வந்த ஒவ்வொரு மூட்டையையும் பெயர் சொல்லி, அப்பன் பெயர் சொல்லி, திருப்பி அனுப்பினார்கள். எந்தப் படையும் அந்த எல்லையை அப்படிக் காவல் காத்ததில்லை.

ஆறு பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஜூலை வெயிலில் அதன் ஓரங்களில் பனிக்கட்டி உறைந்தது. நடு முதுகில் கொதித்தது. நடுங்கிய நடுக்கத்தில் கரையோர வீடுகளில் கிண்ணங்கள் கலகலத்தன. பிறகு வாந்தி எடுக்க ஆரம்பித்தது. பழைய துப்பாக்கிகள், கதவுகள், டிராக்டர் ஒன்று, பித்தளைக் குடங்கள், யாருடையதென்று தெரியாத ஒற்றைச் செருப்புகள் எல்லாவற்றையும் கரையில் கொட்டியது. ஊரார் தங்கள் பொருள்களை அடையாளம் பார்த்து எடுத்துக்கொண்டு, மீதியைக் கழுவி வெயிலில் வைத்தார்கள். முறை போட்டுக்கொண்டு எப்போதும் நாலு பேராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யோர்பேக் ஒரு பாறையில் உட்கார்ந்து, தனக்கு என்ன ஆயிற்று, எந்த நாள் மோசமான நாள், அதற்கடுத்த நாள் எப்படி இருந்தது என்பதையெல்லாம் தண்ணீரிடம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் ருபாப் வாசிப்பான். தவ்லத்மோ கெட்டில் கெட்டிலாக உப்புப் பால்தேநீர் ஊற்றினாள். அக்கரையில் ஓதினாவும் அவன் ஆட்களும் உலர்ந்த மல்பெரிப் பழ மாவைக் கரைத்து ஊற்றினார்கள். ஆனால் எல்லைச் சாவடியின் சரக்கு அறை நிறைந்துதான் இருந்தது. ஆறு அந்தக் கதவடியில் ஈரமாகப் போய் உட்கார்ந்து, பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. கேப்டன் திறக்கவுமில்லை, விரட்டவுமில்லை. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கர்னல் வந்த நாளில் வெயில் நன்றாக அடித்தது. பின்னால் வெளிநாட்டுக்காரர்கள் அகலத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். சாவடியின் முன்னால் ஒரு பழைய வேனை நிறுத்தி, அதில் ஒரு பொட்டலத்தை ஒளித்து, ஆறு கண்டுபிடிப்பதைக் காட்டி, பிறகு அதற்கு ஒரு கரண்டி கொடுத்து அனுப்புவது என்று ஏற்பாடு. தவ்லத்மோ கெட்டிலோடு கொஞ்சம் தள்ளிக் கரையில் நின்றாள். கணவர் சரக்கு அறையிலிருந்து பொட்டலத்தோடு வெளியே வருவதைப் பார்த்தாள். பொட்டலத்தின் மணம் பட்டதும் ஆறு முழங்கையை ஊன்றி எழுந்த மாதிரி எழுந்தது. மேலெல்லாம் வேர்த்து, ஓரமெல்லாம் உதறி, அவருடைய பூட்ஸ் முனைவரை வந்து நின்றது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கூப்பிட்டிருக்கலாம், திட்டியிருக்கலாம். வார்டில் கற்றுக்கொண்டது அவளைத் தடுத்தது: அந்த இடத்தில் ஒருவர் தானாகத்தான் கையை மூட வேண்டும். நசர்ஷோ தண்ணீரைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். எங்கேயோ இருக்கிற மேஜர் பதவியையும் கொஞ்ச நேரம் பார்த்திருப்பார். பிறகு விறைப்பாகத் திரும்பி, கர்னலுக்கு சல்யூட் அடித்தார்.

“தோழர் கர்னல், இன்னிக்குக் காட்ட முடியாது. ஆத்துக்கு உடம்பு சரியில்ல.”

கர்னல், ஆறுகளுக்கு உடம்பு சரியில்லாமல் போவதில்லை என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் ஆறு அவருடைய பளபளத்த பூட்ஸின்மேல் ஒரு துருப்பிடித்த இரும்புத் தொப்பியையும் கால் வாளிச் சேற்றையும் வாந்தி எடுத்தது. வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். நசர்ஷோ, சரக்கு அறையைத் திறந்து, கையிலிருந்த பொட்டலத்தோடு சேர்த்து உள்ளேயிருந்தது அத்தனையையும் கர்னலின் லாரியில் ஏற்றி, சட்டப்படி தலைநகரத்தில் எரிப்பதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். லாரியின் கூடவே ஆறு கொஞ்ச தூரம் ஓடிற்று. பிறகு நின்றது. பிறகு படுத்துக்கொண்டு, தவ்லத்மோ தன் வார்டில் பலமுறை கேட்ட விசும்பல் சத்தத்தில் வெகு நேரம் கூழாங்கற்களை உருட்டியது. வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குப் போனதும், பர்சோவுக்கு இன்னொரு இயந்திரம் தேவை என்று பரிந்துரை செய்ததாகக் கேள்வி.

கேப்டன் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து மனைவியின் பக்கத்தில் கரையில் உட்கார்ந்தார். மேஜர் பதவி அந்த லாரியிலேயே போய்விட்டது என்று இருவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கெட்டிலில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கேட்டார்.

“வரிசையில வா. முதல்ல ஆத்துக்கு, அப்புறம்தான் உனக்கு.”

நீ என்று கூப்பிட்டதில் அவருக்குப் பாதிப் பசி அடங்கியது. அன்றைக்கு மாலையே கெட்டில் வீட்டுக்குத் திரும்பியது.

இலை பழுக்கும் காலத்துக்குள் ஆறு மெல்ல ஆறியது. முதலில் பசி வந்தது, பாசியையும் வண்டலையும் அள்ளி அள்ளித் தின்றது. பிறகு நிறம் வந்தது. ஒருநாள் காலையில் அது தன் பழைய குரலில் பாறைகளைத் திட்டிக்கொண்டு ஓடுவதைக் கேட்டு, ஊரார் வாய்க்கால் மடைகளைத் திறக்கப் போனார்கள். ரஹிம்தாத் அந்தச் சத்தத்தை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே, வலியில்லாத ஒரு மத்தியானத்தில் போய்ச் சேர்ந்தார். அவரை அடக்கம் செய்த அன்று ஆறு சத்தமில்லாமல் ஓடியது.

எல்லாம் அதோடு ஒழிந்தது என்று சொன்னால் அது கதை. அபின் வேறு கணவாய்களையும் வேறு ஆறுகளையும் தேடிப் போயிற்று, அங்கேயும் யாரோ அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். பர்சோவிலேயே அடுத்த இளவேனிலில் வெளியூர்க்காரன் ஒருவன் பயந்துபோய்த் தண்ணீரில் எறிந்த பொட்டலத்தில் ஆறு வழுக்கி விழுந்தது. அரை நாள் தூங்கி, எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் பாறையோரமாகவே ஓடியது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. யோர்பேக் மட்டும் போய்ப் பாறையில் உட்கார்ந்து, தனக்கும் இரண்டாம் தடவை ஒன்று உண்டு என்று சொல்லிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு ஆறு தானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டது. எங்கேயாவது அந்த மணம் பட்டால் போதும், திரும்பிப் பார்க்காமல் வந்த வழியே மலையேறிப் போய்விடும். மணம் விலகும்வரை மேல்நோக்கியே ஓடும். அப்போது எவனுக்கு வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சும் முறையோ அவன் மண்வெட்டியோடு கிளம்பி, இரண்டு கரையிலும் பொட்டலக்காரனைத் தேடிப் பிடித்து, உன் எழவை எடுத்துக்கொண்டு போ, என் வயலுக்குத் தண்ணீர் வர வேண்டும் என்று விரட்டுவான். தண்ணீர்முறைக்காரனிடம் தப்புவது சிப்பாயிடம் தப்புவது போல எளிதல்ல. அவனுக்கு லஞ்சம் கொடுக்க முடியாது, உருளைக்கிழங்கு காத்திருக்காது. ஓதினாவின் கரையில் இப்போது உருளைக்கிழங்கும் வெங்காயமும் விளைகின்றன. சனிக்கிழமைச் சந்தையில் அவன் கத்தாமல் பேசி விற்கிறான். அவற்றை லாரியில் ஏற்றி நகரத்துக்கு அனுப்புகிறவன் திலோவர். இதில் லாபமே இல்லை என்று சந்தைக்குச் சந்தை புலம்புவான், ஆனால் இரவில் தூங்குகிறான். யோர்பேக்கை ஆஸ்பத்திரி வார்டில் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். நசர்ஷோ கேப்டனாகவே ஓய்வு பெற்றார். பதக்கங்களைப் பற்றிக் கேட்டால் அலமாரிச் சாவி எங்கேயோ போய்விட்டது என்பார்.

போன செப்டம்பரில் நசர்ஷோவின் தங்கை மகளுக்குக் கோரோக்கில் கல்யாணம். புருஷனும் பெண்டாட்டியும் பர்சோவில் வேன் ஏறினார்கள். வளைவு ஒன்றில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்தார். பக்கத்தில் ஆறு மேல்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, யாரையும் குறிப்பிடாமல், சகோதரர்களே, யாரோ ஒருவர் கொஞ்சம் இறங்கிக் காற்று வாங்கிவிட்டு வந்தால் எல்லோருக்கும் நல்லது என்றார். பெண்கள் கம்பளிப் பின்னல் வேலையை எடுத்தார்கள். ஒருவர் பூசணி விதைப் பொட்டலத்தைப் பிரித்து அக்கம்பக்கம் நீட்டினார். பின்வரிசையில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவன் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பையோடு இறங்கி மலைச்சரிவின் பின்னால் போனான். அங்கிருந்து புகை எழுந்தது. காற்று அதை மறுபக்கம் கொண்டு போயிற்று. அவன் திரும்பி வந்தபோது பை தொளதொளவென்றிருந்தது, முகம் வெளுத்திருந்தது, கண்ணோரம் இலேசாக நடுங்கியது. தவ்லத்மோ தன் பக்கத்து இருக்கையிலிருந்த ரொட்டி மூட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அவனுக்கு இடம் விட்டாள்.

“விக்கறதா, திங்கறதா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ரெண்டும்தான் அக்கா.”

“பர்சோவுல எங்க வார்டுல கட்டில் காலியா இருக்கு. ஜன்னலோரம். ஆறு தெரியும்.”

 அவள் கொடுத்த ரொட்டியை வாங்கிக்கொண்டான். வெளியே தண்ணீர் ஒரு கணம் நின்று, யோசித்து, உடம்பைத் திருப்பிக்கொண்டு கீழ்நோக்கி ஓட ஆரம்பித்தது. டிரைவர் என்ஜினைக் கிளப்பினார். அவர்கள் கோரோக் போய்ச் சேர்ந்தபோது கல்யாணச் சோறு இன்னும் ஆறியிருக்கவில்லை. ஏன் தாமதம் என்று தங்கை கேட்டதற்கு, ஆறு கொஞ்சம் திரும்பிவிட்டது என்றார் நசர்ஷோ. அவள் சரி என்று சொல்லி, வாழையிலை இல்லாத அந்த ஊர் வழக்கப்படி, பெரிய தட்டை இருவருக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தாள்.